ஆயிரத்து இருநூறு என்ற எண்ணும் கரிசல் காட்டுத் தட்டும்

கரிசல் காட்டு ஊரான இளையரசனேந்தலில் இருக்கும் என் சித்திக்கு வயது 49. போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தவர் அடுப்படி வாசலில் அதை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இருட்டுகிறது என்றார். உட்காரவைத்து, நீச்சுத்தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"ராத்திரி ஒண்ணும் தொடுறதில்ல தாயி. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ரசம். அம்புட்டுத்தான். ஏழு வாரமாச்சு."

68 கிலோ இருந்தவர் 62.5க்கு வந்திருந்தார். அந்த எண்ணைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. சீப்பில் கொத்தாக வரும் முடியைப் பற்றியும், மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குவதைப் பற்றியும் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றினார். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி சாப்பிட்டால் போதும் என்று செல்போனில் யாரோ சொன்ன கணக்கைத்தான் பின்பற்றுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை வைத்து நான் தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு டீ, இரண்டு இட்லி, ஒரு கரண்டிச் சோறு, ரசம், கொஞ்சம் பொரியல், மாலையில் இரண்டு பிஸ்கட். எல்லாம் சேர்த்து 800 கலோரிக்கும் கீழே. புரதம் 20 கிராமைத் தாண்டவில்லை.

800க்குக் கீழே போனால் அதற்கு மருத்துவத்தில் வேறு பெயர், வேறு விதிகள். மிகக் குறைந்த கலோரி உணவு என்று அதைச் சொல்கிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் அதைத் தொடர்ந்து 12 வாரங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கின்றன. அதுவும் மருத்துவக் கண்காணிப்பில்தான். சித்தி அதை யார் கண்ணிலும் படாமல், குடமும் தூக்கிக்கொண்டு செய்துகொண்டிருந்தார்.

அப்படியானால் பாதுகாப்பான அளவுதான் எவ்வளவு? நடுவயதுப் பெண் ஒருவர் எடை குறைக்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம்?

உலகம் முழுவதும் அடிக்கடி காதில் விழும் எண் 1,200. இதைப் பெண்களிடையே பரப்பியவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த மருத்துவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ். 1918இல் அவர் எழுதிய எடைக்குறைப்பு நூல் லட்சக்கணக்கில் விற்றது. உணவை ரொட்டித் துண்டாகப் பார்க்காமல் கலோரியாகப் பார்க்கும் பழக்கத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்த நூல் அது. நூறாண்டு கழிந்தும் அந்த எண் அப்படியே நிற்கிறது. 2013இல் அமெரிக்க இதயநோய்ச் சங்கங்களும் உடல்பருமன் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை பெண்களுக்கு 1,200 முதல் 1,500 கலோரி என்றது. அல்லது, செலவாகும் ஆற்றலிலிருந்து 500 முதல் 750 கலோரி குறைத்துக்கொள்ளலாம் என்றது. நம் நாட்டில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிடும் உணவு வழிகாட்டியும் ஒரு தரைமட்டம் வைத்திருக்கிறது: எடை குறைக்கும் உணவு எதுவானாலும் 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது, எல்லாச் சத்தும் அதில் இருக்க வேண்டும், வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அதுவே பாதுகாப்பான வேகம்.

இந்த வாக்கியத்தின் முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாச் சத்தும் இருக்க வேண்டும் என்ற பாதி எங்கோ விழுந்துவிட்டது. சித்திக்குத் தலைசுற்றியது அந்த இடைவெளியில்தான்.

அரைக் கிலோ என்ற கணக்கு எளிது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. அது கிட்டத்தட்ட அரைக் கிலோவுக்குச் சமம். 1958இல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் போட்ட கணக்கு இது. முதல் சில வாரங்களுக்கு இது பொருந்தும். அதற்குப் பிறகு உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைவதால் கணக்கு பிசகும். மூன்றாம் மாதத்தில் எடை நின்றுவிட்டதே என்று கலங்கி, இன்னும் ஒரு வேளையை வெட்டுகிற பெண்கள் இந்தப் பிசகால்தான் அப்படிச் செய்கிறார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை. எடை தேங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாதவர்களுடையது.

அடுத்து, வயது. நாற்பத்தைந்தைத் தாண்டினால் உடம்பு எரிப்பதை நிறுத்திவிடுகிறது, தண்ணீர் குடித்தாலும் சதை போடுகிறது என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. 2021இல் ஹெர்மன் பான்ட்ஸரும் உலகின் பல நாட்டு ஆய்வாளர்களும் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த முடிவு வெளியானது. பிறந்து எட்டே நாளான குழந்தையிலிருந்து 95 வயது முதியவர் வரை அதில் இருந்தார்கள். உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை செலவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது, மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் அது சரிவதில்லை என்பது அவர்கள் கண்டது.

பிறகு ஏன் இடுப்பு பெருக்கிறது? அதற்கு அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஸ்வான் என்ற பெண்கள் நல ஆய்வைப் பார்க்க வேண்டும். கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பிருந்தே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, அதே காலத்தில் தசை கரையத் தொடங்குகிறது என்று 2019இல் அதன் முடிவுகள் காட்டின. தராசில் பெரிய மாற்றம் தெரியாத காலத்திலேயே உள்ளே தசையின் இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தக் கொழுப்பு தொடையிலும் இடுப்பின் பின்புறமும் சேராமல் வயிற்றுக்குள் போய்ச் சேர்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலைநாட்டுப் பெண்களைவிட நாலைந்து ஆண்டு முன்னதாக. நம் கணக்கு 44, 45 வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்று அர்த்தம்.

இந்த வயதில் உடம்பில் காக்கப்பட வேண்டியது தசை. எந்தக் கலோரிக் கணக்கு தசையைக் கரைக்கிறதோ அது இந்த வயதுப் பெண்ணுக்கு ஆகாது. தராசு என்ன சொன்னாலும் ஆகாது. பட்டினியில் குறையும் எடையில் கால் பங்கு வரை தசையாகவும் கொழுப்பல்லாத மற்றவையாகவும் போகலாம். உடற்பயிற்சியும் போதிய புரதமும் இல்லையென்றால் அந்தப் பங்கு கூடும். பிறகு சாப்பாடு பழைய நிலைக்குத் திரும்பும்போது கொழுப்பு முதலில் வந்து சேரும், தசை கடைசியில்தான் வரும், சில நேரம் வராமலே போகும். மூன்று முறை பட்டினி கிடந்து மூன்று முறை பழைய எடைக்கே வந்த பெண், எடையில் மட்டும்தான் பழைய ஆள்.

பாதிச் சாப்பாட்டில் உடம்பும் மனமும் என்ன ஆகும் என்பதற்கு 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை இன்றும் சாட்சி. திடகாத்திரமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,570 கலோரி, வழக்கமாகச் சாப்பிட்டதில் பாதி. எடையில் கால் பங்கு போயிற்று. உடம்பு குளிர்ந்தது, இதயத்துடிப்பு மந்தமானது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு. எடை குறைக்க முனைந்த ஒரு பெண் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார் என்றால் அவருடைய குணத்தைக் குறை சொல்லுமுன் அவர் தட்டைப் பார்க்க வேண்டும்.

இனி நம் ஊர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் 40.4 சதவீதம் என்கிறது 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. நான்காவது ஆய்வில் அது 30.9. அதே ஐந்தாவது ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை கூடியவர்களும் ரத்தம் குறைந்தவர்களும் வேறு வேறு பெண்கள் என்று நினைக்க இடமில்லை. பலர் இரண்டும் ஒன்றாக உள்ளவர்கள். வயிறு நிறைகிறது, சத்து நிறைவதில்லை. கலோரி கூடுதலாகவும் இரும்பும் புரதமும் குறைவாகவும் இருக்கும் தட்டிலிருந்து பாதியை அப்படியே எடுத்துவிட்டால், கலோரி சரியாகும். ஏற்கெனவே குறைவாக இருந்தவை பாதாளத்துக்குப் போகும். மேலைநாட்டுக் கணக்கைக் கரிசல் காட்டில் அப்படியே பிரயோகிப்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கரிசல் காட்டின் பழைய தட்டு வேறு. கம்பஞ்சோறு, குதிரைவாலிச் சோறு, சோளக்கஞ்சி, கானத்துவையல், உளுந்தங்களி. காட்டில் களையெடுத்து, பருத்தி எடுத்து, விறகு சுமந்த உடம்பு அதை எரித்தது. இப்போது ரேஷன் அரிசி வந்துவிட்டது, பசி போய்விட்டது. அது பெரிய காரியம். பசியை நேரில் கண்ட தலைமுறை அதை ஒருநாளும் குறைத்துப் பேசாது. ஆனால் தட்டில் அரிசி மலைபோல் குவிந்து வெஞ்சனம் ஓரத்துக்கு ஒதுங்கியது. முட்டை, கறி, மீன் வந்தாலும் முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு ஆண்களுக்கு. மிச்சக் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது வீட்டுப் பெண்.

சிறுதானியத்துக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 356 கலோரி, கம்பில் 348. கலோரியில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். புரதம் அரிசியில் 8 கிராம், கம்பில் 11. கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. ஆகவே கம்புக்கு மாறுவது நல்லது. கலோரி குறையும் என்பதற்காக இல்லை, குறைந்த சோற்றிலும் சத்து மிஞ்சும் என்பதற்காக. அளவு பார்க்காமல் கம்பந்தோசை ஆறு சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

உழைப்பையும் கேட்காமல் எண் சொல்லக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை செய்தால் 1,660 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720. ஒரே தெருவில் இந்த மூன்று பெண்களும் இருப்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்கு வேனில் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் ஒருவர். வீட்டு வேலையும் மாட்டு வேலையும் பார்ப்பவர் ஒருவர். வெயிலில் களையெடுப்பவர் ஒருவர். களையெடுப்பவரிடம் 1,200 என்று சொல்வது அவருடைய உடம்புக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் கடன் வைக்கச் சொல்வது. அந்தக் கடனை அவர் தசையிலும் எலும்பிலும்தான் அடைப்பார். நான் பார்த்த வரையில் எடை குறைப்பு பற்றிப் பேசுகிற பலரும் இந்த மூன்றாவது பெண்ணைக் கண்ணால் கண்டதில்லை.

சித்தி இரண்டாவது வகைக்கும் முதல் வகைக்கும் நடுவே. உயரம் 152 செ.மீ., தொடக்க எடை 68. 1990இல் மிஃப்ளினும் செயின்ட் ஜியரும் தந்த சூத்திரத்தில் போட்டால் அசையாமல் படுத்திருந்தாலே அவர் உடம்பு எரிப்பது சுமார் 1,230 கலோரி. இந்தியர்களுக்கு அது கொஞ்சம் குறையலாம். நடமாட்டத்தையும் வீட்டு வேலையையும் சேர்த்தால் 1,800 பக்கம் வரும். அதில் 400, 500 குறைத்தால் 1,300, 1,400. அவருக்கு உரிய எண் அதுதான். 1,200 அவருக்குத் தரைமட்டம்.

முன்பு அவர் சாப்பிட்டது எவ்வளவு? சீனி அள்ளிப் போட்ட மூன்று டீ 240. நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் 340. மத்தியானச் சோறும் சாம்பாரும் அப்பளமும் 730. சாயங்காலம் ஒரு கைப்பிடிச் சேவு 270. ராத்திரி எண்ணெய் ஊற்றிச் சுட்ட மூன்று தோசையும் சட்னியும் 480. இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டும். எல்லாம் கைமதிப்புதான், ஆனால் எங்கே கைவைக்கலாம் என்பது பளிச்சென்று தெரிகிறது. டீயை இரண்டாக்கிச் சீனியை ஒரு கரண்டிக்குக் கொண்டுவந்தோம். சேவுக்குப் பதில் பொட்டுக்கடலை. சோற்றைப் பாதியாக்கி, கெட்டிப் பருப்பு, கீரை, ஒரு முட்டை, மோர். இட்லி மூன்று, தோசை இரண்டு, சட்னிக்குப் பதில் சாம்பார். மொத்தம் 1,350 பக்கம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு கலோரி குறைந்தும் புரதம் குறையவில்லை, 50 கிராமைத் தாண்டியது. இதுதான் முழுக் கட்டுரையிலும் நான் சொல்ல வந்தது: சோறு குறையட்டும், வெஞ்சனம் குறையவே கூடாது.

பொதுப் பரிந்துரையில் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். எடை குறைக்கும் நடுவயதுக்காரருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பதே இப்போது பெரும்பாலான நிபுணர்களின் கருத்து. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து நாளுக்கு 1,200 மில்லிகிராம். எடை குறையும்போது எலும்பும் கரையும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. 65 வயதைத் தாண்டிய பருமனானவர்களிடம் டென்னிஸ் வில்லரியல் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், உணவை மட்டும் குறைத்தவர்களைவிட உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு எலும்பும் உடல்வலுவும் நன்றாகக் காக்கப்பட்டன. உடற்பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நிறைந்த குடத்தைத் தூக்கி இறக்குவது எல்லாம் தசைக்கு வேலைதான், சாப்பிட்ட உடம்போடு செய்தால்.

விரதத்தைப் பற்றிக் கேட்பார்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசு எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வருஷத்தின் பெரிய நாள். கோமதி அம்மன் தவம் இருந்த ஊர். ஆடியில் செவ்வாய், வெள்ளி விரதம் இல்லாத வீடு குறைவு. ஆரோக்கியமான பெண் வாரத்தில் ஒரு நாள் இருக்கும் விரதத்தை மருத்துவக் காரணம் சொல்லித் தடுக்க வேண்டியதில்லை. அதையே எடை குறைப்பு உபாயமாக்கி மாதக்கணக்கில் ராத்திரி பட்டினி கிடப்பது வேறு. 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பெண்களுக்கு 1,200 முதல் 1,500 கலோரி. ஒரு பிரிவு எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டது, இன்னொரு பிரிவு நேரம் பார்க்கவில்லை. முதல் பிரிவில் 8 கிலோ, இரண்டாவதில் 6.3 கிலோ குறைந்தது. புள்ளியியல்படி அது பெரிய வேறுபாடு இல்லை. ஆக, வேலை செய்தது அளவுதான். கடிகாரம் யாருக்கு வசதியோ அவர் பார்க்கட்டும்.

800 கலோரி உணவுக்கும் இடம் உண்டு. பிரிட்டனில் மைக் லீனும் ராய் டெய்லரும் நடத்திய டைரக்ட் ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரியில் மூன்று முதல் ஐந்து மாதம் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் சர்க்கரை நோய் தணிந்திருந்தது. ஆனால் அவர்களுக்கு எல்லாச் சத்தும் அளந்து சேர்த்த பான உணவு தரப்பட்டது, மாத்திரைகள் முதல் நாளிலேயே நிறுத்தப்பட்டன, செவிலியரோ உணவியல் வல்லுநரோ கூடவே இருந்தார்கள். ரசஞ்சோற்றில் 800 கலோரி அந்தச் சிகிச்சையின் சாயல்கூட இல்லை.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்ளும் பெண் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய் மயக்கம் வரும், தூக்கத்திலேயேகூட வரும். மருந்தின் அளவை மாற்றாமல் தட்டை மாற்றவே கூடாது. எடையைத் தொடுமுன் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தப்பைக் கல் வர வாய்ப்புக் கூடும். முடி கொட்டினாலும், எப்போதும் குளிர்ந்தாலும், எழும்போது கண் இருட்டினாலும் அது மன உறுதிக் குறைவு இல்லை. சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது.

இலக்கையும் தராசில் மட்டும் வைக்க வேண்டாம். இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது 2009இலிருந்து நம் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. தையற்கடை டேப் போதும். தொடக்க எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கிவிடும். 68 கிலோக்காரருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. கல்யாணத்தன்று இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

சித்திக்குச் சாப்பாட்டைக் கூட்டியதும் முதல் மாதத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியது. அழுதேவிட்டார். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்று சொல்லியும் சமாதானம் ஆகவில்லை. தை மாதம் 63. இடுப்பு 96இலிருந்து 90. முடி கொட்டுவது நின்றிருக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் வருகிறார்.

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் அவர் தட்டைப் பார்த்தேன். இரண்டு கரண்டிச் சோறு, கெட்டிப் பருப்பு, முருங்கைக்கீரை. முட்டையைக் காணோம். அவித்ததே மூன்றுதான், சித்தப்பாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் வைத்துவிட்டேன் என்றார். பெரிய தம்பி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கடையில் இரண்டு முட்டை வாங்கி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றான்.